அணித்தலைவர் முதலில் இறங்கி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வவுனியாவில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெடியன்கள் ஒரே அணியில் உதைபந்து விளையாடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் இடைவேளை வந்ததும் மூன்று கூட்டமாகப் பிரிந்து நின்றுதான் தண்ணீர் குடிக்கிறார்கள். இதை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் என் கவலை.

1995 உலகக் கிண்ண றக்பி இறுதியாட்டத்துக்கு தென்னாபிரிக்க ஜனாதிபதி மண்டேலா, கறுப்பின மக்கள் வெறுத்த அதே ஸ்பிரிங்பொக் (அந்நாட்டு றக்பி அணி) சீருடையை அணிந்து வந்தார். முதுகில் வெள்ளையின அணித்தலைவர் பியனாரின் 6ஆம் இலக்கம். வீரர்களும் கறுப்பினத்தவரின் விடுதலைப் பாடலைக் கற்றுக்கொண்டார்கள். 2019இல் அந்த அணிக்குக் கிண்ணம் வென்று தந்தவர் கறுப்பினத் தலைவர் சியா கொலிசி.

எங்கள் பயிற்றுநர்களும் அணித்தலைவர்களும் இரு மொழியிலும் பேசட்டும். பஸ்ஸில் பெடியன்களைக் கலந்து இருத்தட்டும். நோன்பு மாதத்தில் பயிற்சி நேரத்தை மாற்றட்டும். முக்கியமாக, யாரை ஏன் தெரிவு செய்தோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லட்டும். சந்தேகம் அங்கேதான் முளைக்கிறது.

வாசகர்,
வவுனியா