கொப்பியில பேர் இருந்தாத்தான்

அன்பு மச்சான்,

உன்ர வொய்ஸ் மெசேஜ் முந்தாநாள் கிடைச்சது, ரெண்டு தரம் போட்டுக் கேட்டனான், பின்னால யாரோ பனி வழிக்கிற சத்தமும் கேட்டது. இஞ்ச விடாமல் மழை, இரணைமடுக் குளத்து வான்கதவும் திறந்தாச்சு. அம்மான்ர முழங்கால் நோ அப்பிடியேதான், முதல்லயே சொல்லீட்டன், இல்லாட்டி ஏசுவாய்.

வேலையிடத்தில சூடானுக்குக் காசு சேர்க்கினமாம், குடுத்தா போய்ச் சேருமோ எண்டு கேட்டிருந்தாய். கிளிநொச்சியில நிவாரண ஸ்டோரில நிண்டு மூட்டை எண்ணினவனட்டக் கேட்டிருக்கிறாய், சரி சொல்லுறன்.

அந்த ஸ்டோர் எண்டா எனக்கு இப்பவும் ஞாபகம் வாறது மாவோ பருப்போ இல்லை, அந்த நீலக் கொப்பிதான். குடும்பக் காட் நம்பர், எத்தின தலை, எவ்வளவு சாமான். கொப்பியில பேர் இருந்தாத்தான் ஆள் இருக்கு. 2008 செப்டம்பர்ல வெளிநாட்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளிக்கிட வேணும் எண்டு அரசாங்கம் சொல்ல, ஐநா கேற்றுக்கு முன்னால சனம் வந்து போகாதேங்கோ எண்டு குந்தி இருந்ததே, நீயும் பக்கத்திலதான் நிண்டனீ. நான் அண்டைக்குச் சாப்பாட்டுக்காக மறிக்கினம் எண்டு நினைச்சன், மொக்கன். அவைக்கு வேண்டியிருந்தது நடக்கிறதைப் பாக்க வெளியால ஒரு ஆள்.

பிறகு நடந்தது கணக்குச் சண்டை. சண்டைக்குள்ள அகப்பட்டு வன்னியில இருக்கிறது 70,000 பேர்தான் எண்டு 2009 தொடக்கத்தில கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தது, கடைசியில முகாமுகளில எண்ணினா 280,000 கிட்ட, இடையில செத்த சனத்தை இதில நான் சேர்க்கேல்ல. கப்பலில வந்த சாமான் எந்தக் கணக்குக்குக் காணும் சொல்லு? வெளிக்கிடப் பாத்த சனத்தை எங்கட பெடியளும், புலியளைத்தான் சொல்லுறன், மறிச்சவை, அதையும் சொல்லத்தான் வேணும், சொன்னா உங்க கொஞ்சப் பேருக்குக் கோவம் வரும், வரட்டும்.

மாத்தளன் கரையில செஞ்சிலுவைக் கப்பல் வந்த நாள் ஒண்டு மறக்கேலாது. கப்பல் கிட்ட வராது, வள்ளத்திலதான் காயக்காரரை ஏத்தவேணும். சித்தியைச் சாரத்தில போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு போனம், வள்ளக்காரர் நெஞ்சளவு தண்ணியில நிண்டு வள்ளத்தை அசையாமல் பிடிச்சவர், சித்தி அவரிட்ட "தம்பி செருப்பு ஒண்டு விழுந்திட்டுது" எண்டுறா. கால் ஒண்டு ஏற்கெனவே இல்லை. கையில பேர் எழுதின துண்டொண்டு கட்டி விட்டினம், திரும்பவும் கொப்பிதான். பெப்ரவரி 10 இல இருந்து மே 9 வரை காயக்காரர், நோயாளியள், கூடப் போன ஆக்கள் எண்டு அப்பிடி 13,000க்கு மேல எடுத்தவை. ரெண்டு பக்கமும் ஓமெண்டாத்தான் கப்பல் வரும், அதால எத்தினையோ நாள் கடலைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறம்.

சூடானிலயும் அதே கூத்து. 2023 ஏப்ரல்ல துவங்கின சண்டை, எல் ஃபாஷர் எண்ட பட்டினத்தை, அங்கத்தை இராணுவத்தோட சண்டை பிடிக்கிற ஆர்எஸ்எஃப் எண்ட துணைப்படைக்காரர் 500 நாளுக்கு மேல சுத்தி மறிச்சு வைச்சு 2025 ஒக்டோபர்ல பிடிச்சவை, லொறி விடேல்ல. சனம் சாப்பிட்டது அம்பாஸ், அது வேற ஒண்டுமில்லை மச்சான், எங்கட கடலைப் புண்ணாக்குத்தான். நாங்கள் மாட்டுக்குக் கரைச்சு வைக்கிறது. அங்க தெருவுக்குத் தெரு உள்ளூர்ப் பெடியளே பொதுக் கிச்சன் நடத்தினவை, எமர்ஜென்சி ரெஸ்பொன்ஸ் ரூம்ஸ் எண்டு பேர். 2025 துவக்கத்தில அமெரிக்கா உதவியை நிப்பாட்ட நிறைய மூடுப்பட்டுப் போச்சு. ஆர் போனாலும் அவை போகமாட்டினம், ஊரே அவையின்ரதானே. அதால காசு குடு, ஆனா கிச்சனுக்குப் போகுதோ எண்டு சேர்க்கிற ஆக்களட்ட ஒருக்காக் கேட்டுப்போட்டுக் குடு.

மற்றது, அந்த நீலக் கொப்பியைப் பொலித்தீனில சுத்தித் தாட்டனாங்கள் எல்லோ, எந்த மரத்தடி? நான் வேம்பு எண்டுறன், அம்மா தென்னை எண்டுறா. உனக்கு ஞாபகம் இருந்தா எழுது, மழை விட்டாப்பிறகு கிண்டிப் பாக்கிறன்.

உன்ர
பழைய ஸ்டோர்காரன்