செயலாளரின் ஆண்டறிக்கை 2024: மஸ்கியும் நாலு தண்ணியும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அண்ணைமாரே, அக்காமாரே, தம்பி தங்கைமாரே, வணக்கம்.

எமது தூண்டில் கழகத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்பாடுகளை இச்சபையின் முன் வைக்கிறேன்.

நிர்வாகசபை ஏழு தடவை கூடியது. அதில் இரண்டு, நிறைவெண் இல்லாமல் கலைந்தது. பெப்ரவரியில் கனடா, ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் வைத்திருந்த பனிமீன்பிடி நாள் ஐஸ் தடிக்காதபடியால் கைவிடப்பட்டது. சிறுவர்களுக்குத் தூண்டில் பழக்கும் நாளுக்கு 14 பிள்ளைகள் வந்தார்கள். ஓகஸ்ட் ஒன்றுகூடல் நல்லபடி நடந்தது.

இனி, மஸ்கி எனும் பெரிய நன்னீர் வேட்டைமீன் பற்றிய எமது குறிப்பேடு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சபை பொறுத்தருள வேண்டும்.

போன வருடப் பொதுக்கூட்டத்தில் மஸ்கிக்கு எந்தத் தண்ணி நல்லது என்று முக்கால் மணி நேரம் வாக்குவாதப்பட்டோம். ஒருவர் சென்ற் கிளேயர் ஏரி என்றார், இன்னொருவர் பிஜன் லேக் என்றார். ஒவ்வொருவர் கையிலும் இருந்தது தான் பிடித்த மீனின் படம் மட்டுமே. அந்த மீனுக்காக எத்தனை மணித்தியாலம் தூண்டில் எறிந்தார், எத்தனை நாள் வெறுங்கையோடு திரும்பினார் என்ற கணக்கு ஒருவரிடமும் இல்லை. பத்தாயிரம் எறிக்கு ஒரு மீன் என்று பெயர் வாங்கிய மீன் இது. அகப்படாத நாளை எழுதாமல் ஏரியை ஏரியோடு ஒப்பிட முடியாது. அதனால்தான் நானே ஒரு பக்கப் படிவம் தயாரித்தேன்: திகதி, ஏரி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், தண்ணியின் வெப்பநிலை, கடிக்காமல் இரைக்குப் பின்னால் வந்த மீன், கடித்த மீன், அத்தாங்குக்குள் (கைவலைக்குள்) வந்த மீன், நீளம். நிரப்ப மூன்று நிமிடம் போதும்.

எமது அங்கத்தவர் 46 பேர். படிவம் தந்தவர்கள் 11 பேர். வெறும் நாளையும் மறைக்காமல் எழுதியவர்கள் ஐந்து பேர். மற்றவர்கள் வாட்ஸப்பில் படம் போட்டதோடு சரி. யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறவில்லை. ஆனால் வெறும் நாளை எழுதுவது வெட்கப்படும் காரியமல்ல. என்னுடைய 23 படிவங்களில் 16 வெறும் நாள்தான்.

வந்த அளவில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்காபறோவிலிருந்து கிட்டப் போகக்கூடியது கவார்த்தா ஏரிகள். பிஜன், பக்ஹோர்ன், செமொங் எல்லாம் சாதாழை (நீர்த்தாவரம்) நிறைந்த, ஆழம் குறைந்த தண்ணி. இங்கே மஸ்கி எண்ணிக்கையில் கூட, உடம்பில் சிறிசு. எங்கள் படிவங்களில் 40 அங்குலத்தைத் தாண்டியது ஒன்றே ஒன்று. ஆனாலும் மஸ்கி பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஒரு கவலையும் உண்டு. மஸ்கிக்கு இனமான பைக் மீன் இந்த ஏரிகளுக்குள் பரவி வருகிறது. பைக் மஸ்கிக்கு முந்தி முட்டையிடும். மஸ்கிக் குஞ்சு பொரிக்கும்போது பைக் குஞ்சு அதை விழுங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும். ஆகவே இரண்டையும் பிரித்தறியப் பழகுங்கள். இருண்ட உடம்பில் வெளிர் புள்ளி என்றால் பைக். வெளிர் உடம்பில் இருண்ட கோடோ புள்ளியோ என்றால் மஸ்கி. சந்தேகமென்றால் கீழ்த்தாடையின் அடிப்பக்கத் துவாரங்களை எண்ணுங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து வரை என்றால் பைக், ஆறும் அதற்கு மேலும் மஸ்கி.

சென்ற் கிளேயர் ஏரி வேறு உலகம். எங்கள் ஊர்ப் பரவைக்கடலை அகட்டி விட்டதுபோல் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணி. சராசரி ஆழமோ பதினொரு அடிதான். 1988இல் வட அமெரிக்காவில் முதன்முதலாக ஸீப்ரா மட்டி கண்டுபிடிக்கப்பட்டது இந்த ஏரியில். மட்டி தண்ணியை வடிகட்டித் தெளிய வைக்க, வெளிச்சம் அடிவரை போய்ச் சாதாழை பெருகியது. இங்கே நின்று எறிவதைவிட வள்ளத்தை ஓட்டி இரையை இழுப்பவர்களே கூட. மணிக்கு நாலு, ஐந்து மைல் வேகத்தில் இழுத்தாலும் இயந்திரத்தின் நுரைக்குள்ளேயே வந்து அடிக்கிறது. மணித்தியாலக் கணக்குப் பார்த்தால் எமது படிவங்களில் இதுவே முதலிடம். ஆனால் நாலு மணித்தியால ஓட்டம், பெற்றோல், காற்றெடுத்தால் திரும்பி வரும் பாடு எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஜோர்ஜியன் பே விரிகுடா கருங்கல்லும் ஆழமுமான தண்ணி. மீன் அகப்படுவது அருமை, வந்தால் மலை. ஒன்ராறியோவின் சாதனை மீன், கென் ஓபிரையன் 1988இல் பிடித்த 65 இறாத்தல் மஸ்கி, மூன் ஆற்று வாய்ப்பக்கம் எடுத்ததுதான். நாங்கள் மூன்று பேர் இரண்டு நாள் எறிந்தோம். ஒரு மீன் பின்னால் வந்து பார்த்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். சென்ற் லோரன்ஸ் ஆறும் பெரிய மீனுக்குப் பேர்போனது. 2005, 2006இல் மீன்களைத் தாக்கும் விஎச்எஸ் வைரஸ் நோயால் அங்கே வளர்ந்த மஸ்கிகள் செத்து மிதந்தன, அந்த அடியிலிருந்து ஆறு இன்னும் மீளவில்லை. அங்கு போன ஒரே அங்கத்தவர் படிவம் தரவில்லை.

செப்டெம்பர் மாதம் பிஜன் லேக்கில் நடந்த ஒன்றை இங்கே பதிய விரும்புகிறேன். எங்களோடு வந்த பதினாறு வயதுத் தம்பி ஆறு மணித்தியாலம் எறிந்து கை சோர்ந்திருந்தான். "இரை வள்ளத்தடிக்கு வந்ததும் தூக்காதே தம்பி, தடி நுனியைத் தண்ணிக்குள் விட்டு எட்டு வடிவம் போடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கறுப்பு பக்ரெயில் (மயிர் கட்டிய செயற்கை இரை) வள்ளத்தடியில் இரண்டாம் தரம் திரும்பும்போது அடியிலிருந்து ஒரு பழுப்பு நிழல் எழும்பி, செவுள் விரிய, வாயைத் திறந்து மூடியது. தண்ணி எங்கள் முகத்தில் அடித்தது. மீனை அத்தாங்குக்குள்ளேயே தண்ணியில் வைத்து, முள்ளைக் கழற்ற நேரம் செலவழிக்காமல் கம்பிவெட்டியால் நறுக்கினோம். 38 அங்குலம். தம்பி வாலடியைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருந்தான். அது தானாக ஒரு உதறு உதறிப் போகும்வரை கையை எடுக்கவில்லை. அன்றிரவே படிவம் வந்தது, ஆறு மணித்தியாலம் என்று சரியாக எழுதி.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஜூலை வெக்கையில் தண்ணி 27 பாகை தாண்டியிருந்தபோது எம்மவர் ஒருவர் மஸ்கியை வள்ளத்துக்குள் வைத்துப் படத்துக்கு மேல் படம் எடுத்தார். விட்ட மீன் மல்லாந்து போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அந்த வெக்கையில் மஸ்கிக்குப் போகவே கூடாது. 50 அங்குலப் பெண்மீன் பெரும்பாலும் பதினைந்து வயதைத் தாண்டியிருக்கும். குழம்புக்குப் பேர்ச் இருக்கிறது, வோல்ஐ இருக்கிறது. மஸ்கியை விடுங்கள்.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, கையிருப்பு சொற்பம். ஆண்டுச் சந்தா நாற்பது டொலர், ஒரு நல்ல பக்ரெயிலின் விலை. 19 பேரிடமிருந்து இன்னும் வரவில்லை. அவர்களில் ஆறு பேருக்கு இது இரண்டாம் வருடம். இரண்டு பெரிய அத்தாங்கும் கம்பிவெட்டிகளும் கழகச் செலவில் வாங்குவதாக இருந்தோம். ஒரு அத்தாங்கோடு நின்றுவிட்டது.

தலைவருக்கும், பொருளாளருக்கும், வள்ளம் தந்துதவிய அங்கத்தவர்களுக்கும், ஒன்றுகூடலில் சமைத்த அக்காமாருக்கும், விடியப்புறம் மூன்று மணிக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்த குடும்பத்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு நவம்பரில் சென்ற் லோரன்சுக்கு இரண்டு நாள் பயணம் ஒழுங்கு செய்ய எண்ணியுள்ளேன். சந்தா வந்தால்தான் தங்குமிடத்துக்கு முற்பணம் கட்டலாம். செயலாளர் பொறுப்பைத் தொடர்ந்து ஏற்க எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஐந்து பேரின் படிவத்தை வைத்து ஏரிகளை ஒப்பிட்டுத் திரும்பவும் இந்த மேடையில் நிற்க மனம் ஒப்பவில்லை. குறைந்தது இருபது பேராவது எழுதுவதாக இன்று கையைத் தூக்கினால், வருகிற வருடம் மணித்தியாலக் கணக்கோடு பதில் சொல்ல முடியும்.

கவார்த்தாவில் மஸ்கிக் காலம் 2025 ஜூன் 7, சனிக்கிழமை திறக்கிறது. புதிய படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. பொருளாளர் அதன் பக்கத்திலேயே பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு இருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்