பழைய மெசினை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துப்போட்டு கேம் ஓடாது எண்டு கைவிரிச்சது சம்பந்தமாக

முகாமையாளர் அவர்களுக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பகுதி, தலைமை அலுவலகம், கொழும்பு.

ஐயா / அம்மா,

திருகோணமலை உப்புவெளியில இருந்து எழுதுறன். உங்கட டவுன் கிளையில நான் வாங்கின டெஸ்க்டொப் பற்றின முறைப்பாடு இது. பில் நம்பர், ஜொப் நம்பர் எல்லாம் இதோட அனுப்பியிருக்கிற போட்டோவில இருக்கு, போன்ல வாசிச்சு வாசிச்சு எனக்கு வாய் நொந்து போச்சு, இனி நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ. ஒவ்வொரு முறையும் புதுசா ஒரு பிள்ளை கோல் எடுத்து "என்ன பிரச்சினை சேர்" எண்டு முதல்ல இருந்து கேக்குது, நான் முதல்ல இருந்து சொல்லுறன், பேந்து லைன் கட்டாகுது. அதால தான் எழுத்தில தாறன். நிதானமா எழுதோணும் எண்டு தான் தொடங்கியிருக்கிறன், பாப்பம்.

என்ட பழைய மெசின் பென்டியம் ஃபோர், விண்டோஸ் எக்ஸ்பி போட்டது. ஒரு பிழையும் இல்லாம ஓடிக்கொண்டிருந்தது. அதை எக்ஸ்சேஞ்ச் ஒஃபர் எண்டு சொல்லி 5,000 ரூபா கழிச்சு நீங்கள் எடுத்தனீங்கள். குடுக்க முந்தி நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: தம்பி, என்ட பழைய கேம் சீடியெல்லாம் இதில ஓடுமோ? அதுக்கு உங்கட ஆள் சொன்ன பதில், "அதில ஓடினா இதில பறக்கும் அண்ணை." இந்தச் சொல்லை நம்பித்தான் மெசினைத் தூக்கிக் குடுத்தனான். அவர் அப்பிடிச் சொல்லேல்ல எண்டு இப்ப சொல்லாதேங்கோ, பக்கத்தில என்ட மனுசியும் நிண்டவ.

வீட்டை கொண்டு வந்து பாத்தா சீடி போட இடமே இல்லை. கேசிங்ல டிரைவ் இல்லை. திரும்ப வந்து கேட்டா, இப்ப வாற மெசின் எல்லாம் அப்பிடித்தான், வெளியால கொழுவுறது ஒண்டு வாங்குங்கோ எல்லாம் சரியாகிடும் எண்டு 6,500 ரூபாக்கு ஒரு டிரைவையும் தலையில கட்டினவை. சரி, கொழுவினன். முதல் சீடியைப் போட்டு செட்டப்பை அமத்த, நீல நிறத்தில ஒரு பெட்டி வந்து நிக்குது, 'திஸ் ஆப் கான்ட் ரன் ஒன் யுவர் பிசி'. கீழ சின்ன எழுத்தில, மென்பொருள் வெளியிட்ட கம்பனியைக் கேளுங்கோ எண்டு கிடக்கு. அந்தக் கம்பனி மூடி எத்தினை வருசம், நான் ஆரைப் போய்க் கேக்கிறது? விக்கிறது நீங்கள், அப்ப உங்களைத் தானே கேக்கோணும்.

கொம்பியூட்டர் விக்கிற ஆக்களுக்கு இதை நான் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை எண்டு தான் நினைச்சனான். பிட் எண்டது ஒரு புரோகிராம் எந்தத் தலைமுறை மெசினுக்கு எழுதினது எண்டு காட்டுற அளவு, 16 பழசு, 64 புதுசு. விண்டோஸ் 95, 98 காலத்துக் கேம் கனக்க 32 பிட் தான், ஆனா அதை இன்ஸ்டோல் பண்ணுற செட்டப் பைல் 16 பிட். 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் புரோகிராம் ஓடவே ஓடாது. விண்டோஸ் 10 ல எண்டாலும் 32 பிட் பதிப்பு ஒண்டு இருந்தது, 2021ல வந்த 11 ல அதையும் எடுத்தாச்சு. அடுத்தது கள்ளக் கொப்பி அடிக்க விடாம சீடியில போடுற சேஃப்டிஸ்க் பூட்டு. ஒறிஜினல் சீடியா எண்டு பாக்கிறதுக்கு செக்டிரைவ் எண்டு ஒரு டிரைவர் பைல் வேணும், 2015ல விண்டோஸ் 10 வரேக்கயே மைக்ரோசொஃப்ட்காரர் அதைப் போடாம விட்டுட்டினம், அதே வருசம் செப்டெம்பர் அப்டேட்டோட விஸ்டா, 7, 8 லயும் அதை நிப்பாட்டினவை, பாதுகாப்பு ஓட்டையாம். மைக்ரோசொஃப்ட் நிப்பாட்டினது வேற கதை, அதுக்கு உங்களோட சண்டை பிடிக்க வரேல்ல. ஆனா 11 போட்ட மெசினைக் கையில வைச்சுக்கொண்டு "பறக்கும்" எண்டு சொன்னது மைக்ரோசொஃப்ட் இல்லை, நீங்கள்.

இதில வயித்தெரிச்சல் என்னெண்டா, ரோட்டோரத்தில கள்ளக் கொப்பி வாங்கினவனுக்கு பூட்டு உடைச்ச பைல் சீடிக்குள்ளயே இருக்கு, அவன்ட கேம் 11 லயும் ஓடுது. என்டது எல்லாம் ஒறிஜினல். லண்டனில இருக்கிற மச்சான் லீவுக்கு வரேக்க பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டு வந்தது, கவர், புத்தகம், பின்பக்கத்தில ஒட்டின கீ நம்பர் வரைக்கும் கிழியாம வைச்சிருக்கிறன். காசு குடுத்து நேர்மையா வாங்கினவன்ட சீடி கதவில மறைப்பாத் தொங்கவிடத்தான் லாயக்கு எண்டு ஆகிப்போச்சு.

இனி கொழும்புப் பயணத்துக்கு வாறன். ஞாயமா இதைத்தான் முதல்ல எழுதியிருக்கோணும், எழுத எழுதக் கோபம் வருது. டவுன் கிளையில "எங்களால ஏலாது, மெயின் சேர்விஸ் சென்ரருக்கு நேரில கொண்டு போங்கோ, அங்க இதுக்கெண்டு ஆள் இருக்கினம்" எண்டவை. சிபியூவை பெட்சீற்றால சுத்தி மடியில வைச்சுக்கொண்டு நைட் பஸ்ல போனனான். கந்தளாய், ஹபரண, தம்புள்ள, குருநாகல் எண்டு 250 கிலோமீற்றருக்கு மேல, கீழ வைச்சா ஆடும் எண்டு ஒரு இடத்திலயும் கீழ வைக்கேல்ல. ஹபரண ரோட்டில யானை நிண்டு பஸ்ஸை மறிச்சு வைச்சதுக்கு நான் உங்களைக் குற்றம் சொல்லேல்ல. விடிய உங்கட கதவு திறக்க முந்தியே வாசல்ல நிக்கிறன்.

அங்க கவுண்டர்ல இருந்தவர், கழுத்தில நீலப் பட்டியில காட் தொங்கவிட்டவர். சீடிக் கவரை ரெண்டு விரலால தூக்கிப் பாத்திட்டு சிரிக்கிறார். "இதெல்லாம் இப்ப ஆரு அங்கிள் விளையாடுறது, யூடியூப்ல ஆராவது விளையாடி வீடியோ போட்டிருப்பினம், அதைப் பாருங்கோவன்." சொல்லிப்போட்டு பக்கத்தில இருந்தவருக்கு சிங்களத்தில, இந்த மாமாக்கு வீட்டில வேலை ஒண்டும் இல்லைப் போல எண்டார். எனக்கு விளங்காது எண்டு நினைச்சிட்டார். நான் சீனக்குடாவில வருசக்கணக்கா வேலை செய்தவன், எனக்கு சிங்களம் விளங்காதோ? அதே பாசையிலயே திருப்பிக் கேட்டனான், "எனக்கு வேலை இருக்கோ இல்லையோ, உங்கட வேலை என்ன தம்பி" எண்டு. முகம் கறுத்துது. ஆனா மன்னிப்பு எண்டு ஒரு சொல் வரேல்ல. அவர்ட பேர் எனக்குத் தெரியும், இதில எழுதேல்ல, நேரில கேட்டா சொல்லுவன். சாமான் பழுதாகும், அது இயற்கை. மடியில சுமந்துகொண்டு வந்த மனிசனைப் பாத்துச் சிரிக்கிறதுக்கு என்ன வரண்டி குடுத்தனீங்கள்?

மெசினை வாங்கி வைச்சு, பின்னேரம் திருப்பித் தந்தவை. ஜொப் காட்டைப் பாருங்கோ, போட்டோவில ரெண்டாவது. பழுது எழுதுற பெட்டிக்குள்ள 'கஸ்டமர் பிளேயிங் கேம்' எண்டு இருக்கு. நான் கேம் விளையாடுறது தான் பழுதாம். அதுக்குக் கீழ, 'விண்டோஸ் ரீ-இன்ஸ்டோல்ட், வேர்க்கிங் ஓகே'. ஆர் ரீ-இன்ஸ்டோல் பண்ணச் சொன்னது? பிரின்ஸ் ஒஃப் பேர்சியா கேமை டோஸ்பொக்ஸ் எண்ட, பழைய டோஸ் கேம் ஓட்டுற புரோகிராமில ஏத்தி, விண்டோஸ்ல லெகசி கொம்போனன்ட்ஸ்க்குள்ள போய் பழைய கேமுக்கு வேண்டிய டைரக்ட்பிளேயை ஓன் பண்ணி, பழைய கிராபிக்ஸைப் புது மெசினில காட்டுறதுக்கு டிஜிவூடூ எண்ட புரோகிராமும் போட்டு, உங்கட ஆக்கள் ஒருத்தரும் செய்யாததை இராத்திரி இராத்திரியா இருந்து நானே செய்து வைச்சிருந்தனான், எல்லாத்தையும் ஒரேயடியாத் துடைச்சுப்போட்டு ஓகேயாம். கேட்டா, பைலில வலது பக்கம் கிளிக் பண்ணி கொம்பாட்டிபிலிட்டி எண்டதில எக்ஸ்பியைத் தெரிவு செய்யுங்கோ எண்டு ஒரு துண்டு எழுதித் தந்தவை. அது எக்ஸ்பி மாதிரி நடிக்கும், இல்லாத டிரைவரைக் கொண்டு வந்து தருமோ? உங்களுக்குத் தெரியாமலா இதை எழுதித் தந்தனீங்கள்?

ஒண்டு மட்டும் உண்மையாவே பறந்தது. 95 காலத்துக் காரோட்டக் கேம் ஒண்டு எப்பிடியோ திறந்திட்டுது, மெசின்ட வேகத்துக்கு ஏத்த மாதிரி ஓடுற கேம் அது, கட்டுப்பாடே இல்லை, அக்சிலேற்றரைத் தொட முந்தி கார் போய் மதில்ல மோதி நிக்குது.

12,000 ரூபா தந்தா விர்ச்சுவல் மெசின், அதாவது மெசினுக்குள்ள இன்னொரு மெசின் மாதிரி ஓடுற புரோகிராம் போட்டு அதுக்குள்ள எக்ஸ்பி ஏத்தித் தாறம் எண்டும் ஒருத்தர் கோல் எடுத்தவர். அதுக்குள்ள பழைய 3டி கேம் எப்பிடி இழுபடும் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் பிழையாச் சொன்னதைத் திருத்த நான் ஏன் இன்னும் காசு குடுக்கோணும்?

சரி, என்ட பழைய மெசினைத் திருப்பித் தாங்கோ, 5,000 ரூபாவையும் திருப்பித் தாறன் எண்டு கேட்டன். கிளையில சொல்லினம் ஸ்டோர்ஸ்ல இருக்கும், தேடிப் பாக்கோணுமாம். கோல் சென்ரர்ல சொல்லினம் கொழும்புக்கு அனுப்பியாச்சாம். கொழும்பில சொல்லினம் அப்பிடி ஒண்டு வரவே இல்லையாம். என்ட மெசின் ஹபரணக் காட்டுக்குள்ள இறங்கிப் போட்டுதோ? அதுக்குள்ள அந்தக் காலத்து ஏஜிபி கிராபிக்ஸ் காட், ஐடிஈ டிரைவ், எல்லாம் ஒண்டுக்கொண்டு பொருந்தி வேலை செய்தது, இப்பத்தைய மதர்போட்டுகளுக்கு எக்ஸ்பிக்கான டிரைவரே வாறேல்ல, புதுசா ஒண்டு கட்டவும் ஏலாது. ஹாட் டிஸ்க்கையும் கழட்டாம எடுத்தனீங்கள். மகனும் நானும் மாறி மாறி விளையாடி வைச்ச ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் சேவ் எல்லாம் அதில தான், அவன் இப்ப கட்டாரில, டோகாவில, லீவுக்கு வாறான் எண்டு தான் இவ்வளவு பாடும். லட்சக்கணக்கில போட்டு என்ட வாழ்க்கையில சேத்த ஒரே சொத்து இது எண்டு சொன்னாலும் பிழையில்லை. அதுக்கு நீங்கள் போட்ட விலை 5,000.

மரியாதையாவே கேக்கிறன். பழைய மெசினை, அந்த ஹாட் டிஸ்க்கோட, டவுன் கிளைக்குக் கொண்டு வந்து தாங்கோ, நான் வந்து எடுக்கிறன், கொழும்புக்கு இனி வரமாட்டன். கழட்டியிருந்தா அதே மாதிரி எக்ஸ்பி ஓடுற மெசின் ஒண்டு தேடித் தாறது உங்கட பொறுப்பு. இந்த மாதம் முடியிறதுக்குள்ள எழுத்தில பதில் வராட்டி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, 1977க்கு ஒரு கோல் எடுக்க எனக்குக் காசு செலவில்லை, இந்தக் கடிதத்தின்ட பிரதியும் ஜொப் காட்டும் பைல்ல போட்டு வைச்சாச்சு. அந்த அளவுக்குப் போக எனக்கும் விருப்பமில்லை, உங்கட கம்பனியில தான் மகளுக்கு லப்டொப்பும் வாங்கினனான், அது நல்லா வேலை செய்யுது, அதையும் சொல்லத்தானே வேணும்.

டவுன் கிளையில காசு எடுக்கிற தங்கச்சியை இதுக்குள்ள இழுக்க வேண்டாம். அந்தப் பிள்ளை மட்டும் தான் ஒவ்வொரு முறையும் கதிரை போட்டு இருத்தி, உள்ள போய்க் கேட்டுக்கொண்டு வந்து பதில் சொன்னவ.

இப்படிக்கு,
பில்லில பேர் உள்ள வாடிக்கையாளர்,
உப்புவெளி, திருகோணமலை.

பி.கு: அந்த 6,500 ரூபா டிரைவையும் திருப்பித் தரப்போறன். பெட்டி இல்லாம எடுக்கமாட்டம் எண்டு சொல்லவேண்டாம், பெட்டியைக் கடையில வைச்சுப் பிரிச்சு எறிஞ்சது உங்கட ஆள்.