சைக்கிள் போகும் ஓர மண்ணைத் தாரோடு சமப்படுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சனி, ஞாயிறு விடியலில் பேரூரிலோ வடவள்ளியிலோ கணுவாயிலோ சாலையோரம் நின்றால் கியர் சைக்கிள்கள் வரிசையாக மேற்கே போவதைப் பார்க்கலாம். மலையை இவ்வளவு பக்கத்தில் வைத்திருக்கும் கோவைக்கு இது இயல்பானதுதான். புதிதாக ஓட்ட வருகிறவர்கள் மலை ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் இந்தப் பாதைகளில் விழுந்து அடிபடுகிறவர்களில் பலர் விழுவது சமதளத்தில், தார் முடிந்து மண் தொடங்கும் அந்த ஓர விளிம்பில். அதைச் சரிசெய்யக் கேட்டே இக்கடிதம். கூடவே, ஓட்டுகிறவர்களுக்குப் பயன்படும் சில விவரங்களையும் எழுதுகிறோம்.

பழகாதவர்கள் முதலில் போக வேண்டியது சிறுவாணி சாலை. பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், காருண்யா நகர் வழியாகச் சாடிவயல் வரை, காந்திபுரத்திலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். வழி நெடுக மெல்ல மெல்ல ஏற்றம். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். திரும்பி வரும்போது அதே கால் சிரமமில்லாமல் வேகமாகச் சுற்றும். சாடிவயல் வனத்துறைச் சோதனைச் சாவடியோடு திரும்பிவிடுவது நல்லது. இருட்டுப்பள்ளத்தில் வலப்புறம் பிரிந்தால் செம்மேடு, பூண்டி. பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி மலையேறும் பக்தர்களின் வண்டிகள் இரவு முழுக்க ஓடி, தூக்கக் கலக்கத்தோடு விடியலில் திரும்பும் சாலை அது. அந்த மாதங்களில் ஞாயிறு காலையில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இன்னும் குறைந்த தூரம் வேண்டுமென்றால் வடவள்ளி, தொண்டாமுத்தூர், மாதம்பட்டி, பேரூர் என ஒரு சுற்று. பாக்கும் வாழையும் சின்ன வெங்காயமுமாக அழகான வழி. ஆனால் மழை பெய்த மறுநாள் டிராக்டர் சக்கரங்கள் வயல் சேற்றைத் தாரின் மேல் பட்டை பட்டையாக விட்டுப் போயிருக்கும். காய்ந்த சேறு பரவாயில்லை. பனியில் நனைந்த சேற்றின் மேல் ஏறியபின் பிரேக்கைத் தொட்டாலோ ஹேண்டிலைச் சாய்த்தாலோ சக்கரம் வழுக்கும். மிதிப்பதை நிறுத்தி, நேராக உருண்டு கடக்க வேண்டும்.

அடுத்த படி ஆனைகட்டி. கணுவாய், சின்னத்தடாகம், மாங்கரை வழியாக நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். மாங்கரைச் சோதனைச் சாவடிக்குப் பிறகுதான் உண்மையான ஏற்றம். அங்கிருந்து சாலையின் இருபுறமும் காடு. தண்ணீர்ப் பாட்டிலை மாங்கரையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இது யானை நடமாடும் இடம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகே, துணையோடு, மாங்கரையைத் தாண்டுங்கள். யானை தென்பட்டால் மணி அடிக்காமல், கைப்பேசியை எடுக்காமல், வந்த வழியே திரும்பி, ஒரு பேருந்தோ லாரியோ வரும்வரை தள்ளி நில்லுங்கள். ஏற்றத்தில் சைக்கிளின் வேகம் மணிக்கு 8, 9 கிலோமீட்டர்தான். யானையை முந்திவிடலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது.

பெரிய ஏற்றம் என்றால் கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டரில் சுமார் 1,450 மீட்டர் உயரம் ஏற வேண்டும். குன்னூர் சாலையைவிடப் போக்குவரத்து குறைவு, ஏற்றமும் சீரானது. ஆனால் கோடை சீசனில் ஊட்டிக்குப் போகும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாகத் திருப்பிவிடுவது வழக்கம். அந்த நாட்களில் கோத்தகிரி ஏறினால் இறங்கி வரும் கூட்டம் முழுவதையும் எதிரே சந்திக்க வேண்டியிருக்கும். சீசன் முடியட்டும்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கும் நமக்குச் சும்மா சொன்ன பழமொழி அல்ல. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எட்டிமடை, வாளையார், கிணத்துக்கடவு பக்கம் மேற்குக் காற்று வெயில் ஏற ஏற வலுக்கும். காற்று எழும்புமுன் மேற்கே போய், எழும்பியபின் அதை முதுகில் வாங்கித் திரும்ப வேண்டும். இதை மாற்றிச் செய்தால் 40 கிலோமீட்டர் 60 போல ஆகிவிடும்.

இனி வண்டி. கடைகளில் கிடைக்கும் ரோடு சைக்கிள்கள் பலவற்றில் மிக இலகுவான கியர் முன்னால் 34 பல், பின்னால் 28 பல். இதில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். கோத்தகிரி ஏற்றத்தில் பழகாத கால் அந்த வேகத்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. சுற்று 45க்கு இறங்கி, முட்டி வலிக்கத் தொடங்கும். பின்னால் 32 அல்லது 34 பல் வரை உள்ள கேசட் (பின்சக்கரப் பல்சக்கரங்களின் அடுக்கு) போட்டால் 60 சுற்றிலேயே வேகம் 8 கிலோமீட்டருக்கு வந்துவிடும், முட்டி பிழைக்கும். கேசட்டை மட்டும் மாற்றினால் போதாது: சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பின் டிரெய்லியர் குட்டைக் கூண்டு கொண்டதாக இருந்தால், அது அவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமா என்று பாருங்கள், சங்கிலியையும் அதற்கேற்ற நீளத்தில் போடுங்கள். பழைய சங்கிலியோடு பெரிய முன்பல்லிலும் பெரிய பின்பல்லிலும் ஒரே நேரத்தில் போட்டால் டிரெய்லியர் முறுக்கிக்கொண்டு ஒடியும்.

இறக்கத்தில் ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே கட்டையால் பிடிக்கும் பிரேக்) வைத்திருப்பவர்கள் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வரக் கூடாது. ரிம் சூடேறி உள்ளே டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். நேர்ப்பாதையில் ரிம் ஆறும். மழையில் ஓட்டிய பிறகு பிரேக் கட்டையின் முகத்தைத் திருப்பிப் பாருங்கள். கருப்பு ரப்பரில் வெள்ளி வெள்ளியாய்ப் பொடி மின்னும். அது ரிம்மிலிருந்து அரைபட்ட அலுமினியம். குண்டூசியால் தோண்டி எடுக்காவிட்டால் அடுத்த இறக்கத்தில் அதுவே ரிம்மைச் சுரண்டும்.

டயர் 28 மில்லிமீட்டர் இருந்தால் நம் ஊர்ச் சாலைகளுக்குப் பொருத்தம். 70 கிலோ எடையுள்ளவருக்கு முன்னால் 70, பின்னால் 75 பி.எஸ்.ஐ. போதும். மெலிந்த பிரெஸ்டா வால்வுக்குச் சாலையோரப் பஞ்சர் கடையின் காற்றுக்குழாய் பொருந்தாது. அதற்கான சின்னப் பித்தளை அடாப்டரைச் சீட்டுக்கடியில் போட்டு வையுங்கள். பஞ்சரானால் புது டியூப் போடுமுன் டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியை ஓட்டுங்கள். முள் இருந்தால் துணி சிக்கும். முள்ளை எடுக்காமல் மாட்டிய டியூப் அடுத்த கிலோமீட்டரிலேயே இறங்கிவிடும்.

இவையெல்லாம் ஓட்டுகிறவர் கையில் இருப்பவை. சாலையின் விளிம்பு அப்படி அல்ல.

தார்ச் சாலையைப் புதுப்பிக்கும்போது பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுத்த அடுக்கைப் போடுகிறார்கள். ஒவ்வோர் அடுக்கும் மூன்று நான்கு சென்டிமீட்டர். ஓர மண்ணை யாரும் உயர்த்துவதில்லை. மழை அதை இன்னும் கொஞ்சம் அரித்துக்கொண்டு போகிறது. இரண்டு முறை புதுப்பித்த சாலையில் தாருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சாண் இல்லாவிட்டாலும் நான்கு விரல் உயரமாவது இருக்கும். பின்னால் டிப்பர் லாரி ஹாரன் அடிக்கிறது, சைக்கிள் ஓரம் கட்டுகிறது, முன்சக்கரம் மண்ணில் இறங்குகிறது. லாரி போனதும் ஓட்டுகிறவர் அப்படியே மேலே ஏறப் பார்க்கிறார். மெல்லிய டயர் விளிம்பின் பக்கவாட்டை உரசிக்கொண்டே போகும், ஏறாது. ஹேண்டில் ஒருபுறமும் உடம்பு மறுபுறமுமாகப் போய், ஓட்டுகிறவர் சாலையின் நடுப்பக்கமாகவே விழுவார். பின்னால் இன்னொரு வண்டி வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சக்கரம் இறங்கிவிட்டால் ஏற முயலாமல், நேராகவே போய் நின்று, காலை ஊன்றி, சைக்கிளைத் தூக்கி வையுங்கள். பள்ளிக்குச் சாதாரண சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்கும், பால் கேனோடு போகிறவர்களுக்கும் இதே விளிம்புதான்.

நெடுஞ்சாலைத் துறையிடமும் உள்ளாட்சி அமைப்புகளிடமும் நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. தார் போட்ட கையோடு இருபுறமும் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கிராவல் மண் கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, தாரின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மண்ணைக் கொட்டிவிட்டுப் போனால் ஒரே மழையில் கரைந்துவிடும், இறுக்கினால்தான் நிற்கும்.

வேகத்தடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டி சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம். மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஊர் எல்லைகளில் நாம் பார்ப்பது அதே உயரத்தை ஒரு மீட்டருக்கும் குறைவான அகலத்தில் குவித்து வைத்த கட்டி. பல இடங்களில் வெள்ளைக் கோடும் இல்லை. விடியலின் மங்கலில் மரநிழலும் சேர்ந்தால் அது தெரிவதே இல்லை. உடனே இடிக்க முடியாவிட்டாலும் வண்ணமாவது பூசுங்கள். சந்திப்புகளுக்கு முன் வரிசையாக ஒட்டும் அதிர்வுக் கோடுகளை ஓரத்தில் அரை மீட்டர் விட்டு ஒட்டினால் சைக்கிள் அந்த வழியே போய்விடும், மழைநீரும் வடியும். வேகத்தடைக்கு அந்த இடைவெளி கேட்கவில்லை. விட்டால் பைக்குகள் எல்லாம் அதில்தான் நுழையும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாதம்பட்டி முதல் இருட்டுப்பள்ளம் வரையிலும், கணுவாய் முதல் மாங்கரை வரையிலும் ஓரத்தை ஒருமுறை அளந்து பார்க்கக் கோருகிறோம். ஓர் அடி ஸ்கேலும் ஒரு காலைப்பொழுதும் போதும்.

இப்படிக்கு,
மேற்குப் புறநகர் சைக்கிள் ஓட்டுநர்கள் சிலர்,
வடவள்ளி, கோவை.