கிளினிக் வாசலில் கை காட்டிய அண்ணைக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்பான உறவுகளுக்கும் எங்கள் ஒழுங்கை ஆட்களுக்கும் நண்பர்களுக்கும்,

ஆவணியில் நான் களைத்து விழுந்ததில் இருந்து எங்கள் வீட்டில் நடந்தது உங்களில் அநேகமானோருக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதவில்லை. இப்போது நான் சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன், பாதி நாள் வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டேன். பேனை பிடிக்கிற தெம்பு வந்ததும் முதலில் எழுத நினைத்தது இதைத்தான்.

முதல் நன்றி கிளினிக்கில் நம்பர் கூப்பிடுகிற அண்ணைக்கு. தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.

கிளினிக் நாளில் அந்த விறாந்தை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். வாங்கு நிறைய ஆட்கள், கடகடக்கிற மின்விசிறி, அழுகிற பிள்ளைகள், டெட்டோல் மணம், எல்லாவற்றுக்கும் மேலே நம்பரைக் கத்திக் கூப்பிடுகிற குரல். மற்றவர்களுக்கு இதில் தேவையில்லாத சத்தம் தானாகவே பின்னுக்குப் போய்விடுமாம். எனக்குப் போகாது. எல்லாம் ஒரே அளவில், ஒரே நேரத்தில் உள்ளே வரும். கொஞ்ச நேரத்தில் வாய் திறந்து பேசவும் ஏலாமல் போய்விடும். அதனால் நான் வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்பேன். அங்கே நின்றால் நம்பர் கேட்காது. என் நம்பர் போய்விட்டதோ, இன்னும் வரவில்லையோ என்ற யோசனையிலேயே இருந்த கொஞ்சத் தெம்பும் கரைந்துவிடும். வழக்கமாக அக்கா வாசலில் நின்று பார்ப்பா. அன்றைக்கு அவவின் மகனுக்குக் காய்ச்சல், நான் தனியத்தான் போனேன்.

அண்ணை வெளியே வந்தார். கிட்ட வரவில்லை, தோளில் தட்டவில்லை, கத்தவும் இல்லை. நான் பார்க்கும் வரைக்கும் கொஞ்சம் தள்ளி நின்றார். பிறகு ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: “தங்கச்சி, இங்கேயே இருங்கோ. உங்களுக்கு முன்னால 9 பேர் இருக்கினம். ரெண்டு பேர் மிச்சம் இருக்கேக்க வந்து கை காட்டுறன்.”

சொன்னபடியே வந்தார், கையைக் காட்டினார். நான் நேரே வைத்தியரின் அறைக்குள் போனேன். பேசுவதற்கு என்னிடம் இன்னும் குரல் மிச்சம் இருந்தது. வைத்தியரிடம் முதன்முதலாக என் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னது அன்றைக்குத்தான்.

என்னுடைய மருத்துவக் கோவையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பிறகு அக்கா கேட்டதற்கு, “சனத்துக்குள்ள நிக்க ஏலாத ஆக்கள் கனபேர் வருவினம் பிள்ளை. வெளியில நிண்டா நம்பர் போயிடும், அதுதான்” என்றாராம். அவ்வளவுதான். முப்பத்து நாலு வயது வரைக்கும் எனக்கு உதவ வந்த ஆட்கள் எல்லோரும் முதலில் என்னிடம் ஒரு விளக்கம் கேட்டார்கள். ஏன் முகம் பார்த்துக் கதைக்கிறாய் இல்லை, ஏன் இந்த வயதிலும் காதைப் பொத்துகிறாய், கலியாண வீட்டில் ஏன் பின்பக்கம் போய் நிற்கிறாய். நான் மாறினால் உதவி வரும் என்பதுதான் ஏற்பாடு. அண்ணை என்னை மாற்றப் பார்க்கவில்லை, நம்பர் கூப்பிடுகிற முறையை மாற்றினார். இப்போது அந்த மரத்தடியில் ஒரு வயதான ஐயாவும் இருக்கிறார். அவருக்கும் கடதாசி வருகிறது.

அடுத்தது என் உளவளத்துணையாளருக்கு. எனக்கு இருப்பது ஓட்டிசம், அதாவது சத்தத்தையும் ஆட்களையும் மூளை வேறு விதமாக உள்வாங்குகிற பிறவித் தன்மை, என்று இத்தனை வயதில் தெரிந்தபோது, ஏன் ஒருவரும் முதலே கண்டுபிடிக்கவில்லை என்று அவவிடம்தான் அழுதேன். 1943இல் பிள்ளைகளின் மனநல வைத்தியர் லியோ கானர் ஓட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் இருந்த 11 பிள்ளைகளில் 8 பேர் பொடியன்கள், அடுத்த வருடம் ஹான்ஸ் அஸ்பெர்கர் என்ற இன்னொரு வைத்தியர் விவரித்த நாலு பேரும் பொடியன்கள் என்று சொல்லித் தந்தா. சோதனையில் நல்லாய்ச் செய்து, அமைதியாக இருந்து, மற்றப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கப் பழகிய ஒரு பெட்டையை யார் சந்தேகிப்பார்கள்? அந்த நடிப்பைப் பல வருடம் தாங்கியதால் வந்த களைப்புத்தான் என்னை விழுத்தியது. நாலு பேரோடு பழகு, வெளியில் போய் வா என்ற அறிவுரை அதற்கு மருந்தில்லை. சுமையைக் குறைக்க வேண்டும், சத்தத்தைக் குறைக்க வேண்டும், நடிக்கத் தேவையில்லாத நேரம் வேண்டும். இதை எனக்குச் சொன்ன முதல் ஆள் அவதான்.

அவவின் அறையில் நான் கண்ணைப் பார்க்கத் தேவையில்லை, விரலை ஆட்டிக்கொண்டே கதைக்கலாம், ஏலாவிட்டால் எழுதிக் கொடுக்கலாம். அன்றைக்கு என்ன கதைக்கப் போகிறோம் என்று முதல் நாளே எழுதி அனுப்புவா. சிகிச்சைக்கான வழிகாட்டிகளை வெளியிடுகிற பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2012இல் ஓட்டிசம் உள்ள வளர்ந்தவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டியில், சிகிச்சையில் எழுத்தும் படமும் பயன்படுத்துங்கள், இடைவேளை விடுங்கள், அவர்களுக்குப் பிரியமான விடயத்தைச் சேருங்கள் என்று இருக்கிறது. என் பிரியம் ரயில். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியதில் இருந்து, 1990இல் நின்று 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது வரைக்கும் அவ பொறுமையாகக் கேட்டா. பிறகு அதையே எடுத்து, “இப்ப எந்த ஸ்டேஷன்ல நிக்கிறீங்கள்?” என்று கேட்கத் தொடங்கினா. ‘என்ன உணருகிறாய்’ என்றால் எனக்குப் பதில் வராது, இதற்கு வரும். பளை என்றால் சமாளிக்கலாம். சாவகச்சேரி என்றால் ஓய்வு வேண்டும். நாவற்குழி என்றால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். அக்காவுக்கு ஒரு சொல் மெசேஜ் போட்டால் போதும், அவ விளங்கிக்கொள்ளுவா.

திருவிழா நேரம் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்த ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்த கோயில் ஆட்கள், ஸ்காபரோவில் இருந்து ஹெட்போன் அனுப்பிய சித்தப்பா, மேசையை ஜன்னலோரம் மாற்றித் தந்த மேலாளர், கோல் எடுக்காமல் மெசேஜ் மட்டும் போட்ட தோழிகள், ஒவ்வொரு நாளும் அதே ஓட்டோவில் அதே பாதையால் கூட்டிப்போன தம்பி, ஒரு கேள்வியும் கேட்காமல் புட்டும் சம்பலும் வேலியால் தந்த பக்கத்து வீட்டு மாமி, எல்லோருக்கும் நன்றி. அத்தானுக்கும் அக்காவுக்கும் எழுதத் தொடங்கினால் இது முடியாது, அதை நேரில் சொல்லுகிறேன்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு இந்த நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2016இல் இலங்கை ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. அந்தச் சமவாயம் கேட்கிற நியாயமான வசதி, அதாவது ஒருவரின் தேவைக்கு ஏற்ப முறையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுப்பது, என்பதை அண்ணை ஒரு பேனையாலும் பழைய படிவத்தாலும் செய்து காட்டினார். அதனால் ஒரு பக்கத் தாள் ஒன்று தயாரிக்கிறேன். சனநெரிசலில் நிற்க முடியாத ஒருவருக்கு நம்பர் கூப்பிடுகிற இடத்தில் என்ன செய்யலாம் என்று எளிய தமிழில் இருக்கும். வங்கி, பிரதேச செயலகம், தபாற்கந்தோர், கிளினிக் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். தைப்பொங்கலுக்கு முன்னம் முடித்துவிடுவேன். உங்கள் வேலையிடத்துக்குப் பிரதி வேண்டும் என்றால் அக்காவிடம் சொல்லி வையுங்கள்.