கரண்டியில் பெயர் இருக்கிறது, கேபிளில் இல்லை

செட்டிநாட்டு வணிகர் சங்கத்தாருக்கும், பெரிய வீடுகளை விடுதிகளாக நடத்துவோருக்கும் வணக்கம்.

நான் காரைக்குடியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குக் கேபிள் இழுப்பவன். ஏணி, டிரில்லிங் மெஷின், கிரிம்பிங் டூல், ஒரு பழைய லேப்டாப், இவைதான் என் தொழில் சாமான்கள். உங்களில் பலருடைய கடைச் சீலிங்குக்கு மேலே தவழ்ந்திருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அந்த இடம் படுவதே இல்லை. அங்கே பார்த்ததைச் சொல்லத்தான் இந்த மடல். முடிவில் சங்கத்தாரிடம் ஒரு கோரிக்கையும் உண்டு.

எனக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "வேகமான இணைப்புக்கு மாறிவிட்டோம், ரவுட்டரும் புதிது, ஆனாலும் பில் போட நேரமாகிறது." போய்ப் பார்த்தால் வாசல் வரைக்கும் பைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள், வந்திருக்கும். அங்கிருந்து பில் மேசைக்குப் போகும் கேபிள், கடை திறந்த நாளில் போட்டது. அதற்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். நொடிக்கு 1 கிகாபிட் வேகம் வேண்டுமென்றால் நான்கு ஜோடியும் உயிரோடு இருக்க வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். எலி கடித்தோ, மேசைக் கால் நசுக்கியோ மீதி இரண்டு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தால், கேபிள்களை ஒன்றுசேர்க்கும் சுவிட்ச் பெட்டி பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விளக்கு மட்டும் வழக்கம்போல் மினுக்கிக்கொண்டிருக்கும். விளக்கு எரிகிறதே என்று நாமும் கம்பெனிக்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இது கிழடானதால் வந்த கோளாறு, மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது வேறொன்று. நகைக்கடை ஒன்றில் கேமரா வேலைக்கு மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த தொகைக்காரரிடம் கொடுத்திருந்தார்கள். பகலெல்லாம் படம் தெளிவாக வந்தது. இருட்டியதும் கடைசி மூன்று கேமராக்கள் அணைந்து அணைந்து எரிந்தன. நகைக்கடைக்கு எந்த நேரத்தில் கேமரா வேண்டுமோ சரியாக அந்த நேரத்தில்! கேமராவை மாற்றினார்கள், சுவிட்சை மாற்றினார்கள், பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். கேபிளை உரித்துப் பிளேடால் சுரண்டினேன். தாமிர நிறம் போய் உள்ளே வெள்ளை தெரிந்தது. அலுமினியக் கம்பிக்குத் தாமிர முலாம் பூசிய சரக்கு. அந்தக் கேமராக்களுக்கு மின்சாரமும் இதே கேபிள் வழியாகத்தான் போகிறது. இரவானால் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி மின்சாரம் கூடுதலாகக் கேட்கும். தாமிரத்தைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு மின்தடையுள்ள கம்பியில் அது போய்ச் சேருவதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. கடைசிக் கேமராக்களுக்குத் தூரம் அதிகம், அதனால் அவைதான் முதலில் விழுந்தன.

கேபிள் வந்த பெட்டியின்மேல் 'கேட் 6' என்று கேபிள் தரத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தத் தரம் முழுத் தாமிரத்தைத்தான் கேட்கிறது. முலாம் பூசிய கம்பிக்கு அந்தப் பெயரே பொருந்தாது. உலோகம் ஏன் அரிக்கிறது என்று ஆராயும் சிக்ரி நிறுவனத்தை, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வள்ளல் அழகப்பர் இந்த ஊருக்குக் கொண்டுவந்தார். அந்த ஊரிலேயே அலுமினியத்தைத் தாமிரம் என்று விற்றுவிட்டுப் போக முடிகிறது. எனக்கும் இதில் பங்கு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், விலை குறைவு என்று நானும் அதே சரக்கை ஒரு மருந்துக் கடையில் போட்டேன். இரண்டே ஆண்டில் என் சொந்தச் செலவில் பிடுங்கி மாற்றினேன்.

விடுதி நடத்துவோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கானாடுகாத்தானில் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீட்டுக்கு முகப்பில் ஒரே ஒரு வைஃபை பெட்டியை மாட்டிவிட்டு, மூன்றாம் கட்டில், அதாவது மூன்றாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், தங்கும் விருந்தாளிக்குச் சிக்னல் வரவில்லையே என்றால் எப்படி வரும்? நடுவில் தடித்த செங்கல் சுவர்கள், பர்மாத் தேக்குக் கதவுகள், அலையைத் திருப்பியடிக்கும் பெல்ஜியம் கண்ணாடிகள். பெட்டிக்குப் பக்கத்தில் பெட்டி வைத்துச் சிக்னலைக் கைமாற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு கைமாற்றலிலும் வேகம் தேயும். கட்டுக்கு ஒரு பெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள் என்பதுதான் வழி.

அதற்காகச் சுண்ணாம்புப் பூச்சில் டிரில் போட விடாதீர்கள், என்னையும் விடாதீர்கள். முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து மெழுகிய அந்த மினுமினுப்பில் ஒரு துளை விழுந்தால், அதே பளபளப்பில் அதை அடைக்கும் கொத்தனாரை இன்று எங்கே தேடுவது? ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்ப்பதும் வேண்டாம். பழைய மின் வயரிங் ஓடிய தேக்குச் சட்டம் பல வீடுகளில் இன்னும் அப்படியே இருக்கிறது. மின்சாரம் முழுக்கத் துண்டிக்கப்பட்டுக் காலியாக இருக்கும் சட்டத்தில் மெல்லிய பைபர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மின்கம்பி இருக்கும் சட்டத்தில் மட்டும் சேர்த்து விடக் கூடாது. தாமிரக் கேபிள்தான் என்றால் நூல் பிடித்து அளந்துகொள்ளுங்கள். சுவருக்குள் 90 மீட்டர், இரு முனையிலும் சேர்த்து இணைப்பு வயர் 10 மீட்டர், மொத்தம் 100 மீட்டர்தான் கணக்கு. வளவு முற்றத்தைச் சுற்றி ஏறி இறங்கும்போது கண் அளவு ஏமாற்றிவிடும்.

புதுவயல் பக்கத்து அரிசி ஆலைக்காரர்களுக்கு ஒரே சொல்: எடை மேடைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே கம்பத்தில் தாமிரக் கேபிள் தொங்கினால், கோடை மழை இடிக்கு முன்னால் இறக்கிவிடுங்கள். பக்கத்தில் மின்னல் விழுந்தாலே போதும், இரண்டு முனையிலும் உள்ள கருவிகள் கருகிவிடும். பைபரின் இழை கண்ணாடி, அதில் மின்சாரம் ஓடாது.

இனிப் பெயர் விஷயம். நம் வீடுகளில் அண்டா முதல் நெய்க் கரண்டி வரை இனிஷியல் வெட்டாத பாத்திரம் உண்டா? கல்யாணச் சீரில் வந்த சாமானுக்கு ஒன்றுவிடாமல் பட்டியல் எழுதி வைத்த ஊர் இது. அதே வீட்டுப் பிள்ளைகளின் கடையில் சுவிட்ச் வைத்த ரேக் அலமாரியைத் திறந்தால் 24 கேபிள்கள், எல்லாம் சாம்பல் நிறம், ஒன்றிலும் ஒரு சீட்டு இல்லை. எது எங்கே போகிறது என்று தெரியாமல் நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கிறேன், கீழே யாராவது "பில் போச்சு!" என்று கத்துகிறார்கள். இரண்டு முனையிலும் எண் ஒட்டி, வரைபடத்தை ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டினால் அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்குக் கூலி தர யாருக்கும் மனம் வருவதில்லை.

எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் போடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நல்ல தாமிரத்தில் ஒழுங்காகப் போட்ட பழைய கேட் 5ஈ கேபிளிலேயே 100 மீட்டர் வரை 2.5 கிகாபிட் ஓட்டும் தரம் 2016இல் வந்துவிட்டது. சாதாரணக் கடைக்கு அதைவிட உயர்ந்த தரமான கேட் 6ஏ வேண்டும் என்று எவராவது வற்புறுத்தினால், ஏன் என்று கேளுங்கள். எது நல்லது, எது சொத்தை என்று சோதிக்காமல் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

கோரிக்கை அதனால்தான். என்னைப் போன்றவர்கள் வைத்திருப்பது, கம்பி வரிசையாகச் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் விளக்கெரித்துக் காட்டும் சில நூறு ரூபாய் டெஸ்டர். தரத்துக்கு ஏற்ப இருக்கிறதா என்று ஒவ்வொரு கேபிளையும் அளந்து அறிக்கை தரும் கருவி லட்சக்கணக்கில் விலை. தனி ஆள் வாங்க முடியாது. சங்கங்கள் கூடி ஒன்று வாங்கி, நாள் வாடகைக்குக் கொடுங்கள். அறிக்கை இல்லாத வேலைக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பதில்லை என்று உறுப்பினர்கள் முடிவெடுங்கள். எங்கள் தொழிலில் சிலருக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும்.

கருவி வரும் வரைக்கும் பிளேடு இருக்கிறது. வேலைக்கு வந்தவர் பெட்டியைப் பிரித்ததும் ஒரு சாண் வெட்டித் தரச் சொல்லிச் சுரண்டிப் பாருங்கள். நான் வந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி கேபிள்காரன் ஒருவன்