சென்சாரை மாற்றும் முன்

அன்புள்ள மகளுக்கு,

சாவியைத் திருப்பியதுமே காரின் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது, மைலேஜ் விழுந்துவிட்டது, சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்கிறாய். மூன்றும் சேர்ந்தால் முதல் சந்தேகம் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் மேல்தான், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளக்கும் சென்சார். ஆனாலும் மெக்கானிக் சொன்னார் என்று உடனே புதுசு வாங்கிவிடாதே, அம்மா. சென்சார் நன்றாக இருந்து, அதற்குப் போகும் ஒயரோ கனெக்டரோ கெட்டுப்போயிருப்பதும் உண்டு. நீ இருப்பது குருசுக்குப்பம். கடல் காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும்.

சென்சாருக்கு உள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) குறையும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ 5 வோல்ட் கொடுத்து, வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்துச் சூட்டைக் கணக்கிடும். பின்னில் பச்சை படிந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும். கொதிக்கிற எஞ்சினையும் குளிர்ந்தது என்று நம்பி ஈசியூ பெட்ரோலைக் கூடுதலாக விடும். மைலேஜ் போவதும், சூட்டில் ஸ்டார்ட் ஆகாததும் அதனால்தான்.

முதலில் கூலன்ட் மட்டத்தைப் பார். குறைந்திருந்தால் சென்சார் தண்ணீரில் நனையாமல் காற்றில் நின்று தப்பாகக் காட்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியில் கையே வைக்காதே.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஓபிடி ஸ்கேனரில் (ஈசியூ காட்டும் எண்களைப் படிக்கும் கருவி) கூலன்ட் சூட்டையும் உள்ளே இழுக்கும் காற்றின் சூட்டையும் பார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 28 டிகிரி, கூலன்ட் 5 டிகிரி என்றால் கோளாறு உறுதி. மைனஸ் 40 காட்டினால் இணைப்பு அறுந்திருக்கிறது. ஸ்கேனரில் பி0118 என்ற கோளாறு எண் வரும். 130-க்கு மேல் காட்டினால் ஷார்ட், அது பி0117.

மைனஸ் 40 என்றால், இக்னிஷனை அணைத்துக் கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு பின்களையும் சின்ன ஒயரால் இணைத்து மறுபடி இக்னிஷன் போடச் சொல். எண் உச்சத்துக்குத் தாவினால் ஒயரும் ஈசியூவும் சரி, சென்சார்தான் போயிருக்கிறது. அசையாவிட்டால் கோளாறு ஒயரில். இது இரண்டு பின் சென்சாருக்கு மட்டும். மூன்று நான்கு பின் இருந்தால் வரைபடம் இல்லாமல் இணைக்கக் கூடாது.

எஞ்சின் 80 டிகிரியைத் தொடவே வெகுநேரம் எடுத்தால் சென்சாரை விட்டுவிட்டு, கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொல்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டு, கூலன்ட் ஊற்றியபின் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். காற்றுக் குமிழி நின்றால் புது சென்சாரும் பொய் சொல்லும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பு ரேடியேட்டரை அரித்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

பழைய சென்சாரைக் கேட்டு வாங்கிக்கொள். கடலூர் வரும்போது கொண்டு வா. வெந்நீரில் போட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலான சென்சார்கள் அறைச் சூட்டில் சுமார் 2,000 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். நடுவில் எங்கும் துள்ளாமல் சீராக இறங்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா